குலசேகரத்துல இருந்து கேக்கேன்: தம்பிக்கு ஹார்மோன் சிகிச்சை எங்க தொடங்கணும்?

ரப்பர்காட்டு அக்கா:
அப்பா ரப்பர் வெட்டப் போறாரு. எனக்கு இளையது ஒண்ணு, 20 வயசு. பொறந்தப்ப பொண்ணுன்னுதான் எழுதுனாங்க. போன ஓண லீவுல ‘நான் ஆம்பளைக்கா’ன்னு சொல்லிட்டான். இப்ப எனக்கு அவன் தம்பி (வாய் தவறி ‘ஏ புள்ள’ன்னு வந்துட்டா முறைப்பான்). சர்ச் பாட்டுக்குழுவுல சோப்ரானோ (பொம்பளைங்க பாடுற உச்சக் குரலு) பாடுனவன், கிறிஸ்துமஸுக்கு மேடையே ஏறல. தன் குரலு தனக்கே பிடிக்கலயாம்.

ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். ‘கல்யாணம் பண்ணி வச்சா தெளிஞ்சிரும்’னு சொல்லி 400 ரூவா வாங்கிட்டாரு. இப்ப இவன் போன்ல டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி தேடுகான். நேத்து அலமாரில பாத்தா நாலு கிரேப் பேண்டேஜ், நெஞ்சு தெரியாம இறுக்கிக் கட்டுகான். ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியா, திருவனந்தபுரமா, எங்க போவ? கையில காசும் பெருசா இல்ல.

வடசேரி திருநம்பி:
அக்கா, நானும் இதே வழியில வந்தவந்தான். மொதல்ல அந்த பேண்டேஜத் தூரப் போடச் சொல்லுங்க. மூச்சு விட விட இறுகும். எனக்கு விலா நொந்து ஒரு மாசம் வலப்பக்கம் சாஞ்சு படுக்க முடியல. ஸ்போர்ட்ஸ் பிரா போதும், தூங்கும்போது அதுவும் வேண்டாம்.

ஊசிய தானா போட விடாதீங்க. அது ரத்தத்தக் கெட்டியாக்கும். ஹீமோகுளோபின், ஹெமட்டோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணு எத்தன பங்குன்னு காட்டுறது), லிவர், கொழுப்பு பாத்துட்டுத்தான் தொடங்கணும், மொத வருசம் மூணு மாசத்துக்கு ஒருக்கா திரும்பவும் பாக்கணும். எனக்கு ஒரு தடவ ஹெமட்டோக்ரிட் கூடிப்போய் டாக்டர் டோஸக் கொறச்சாரு. உடம்புல ஒரு அறிகுறியும் தெரியல கேட்டியளா, டெஸ்ட்லதான் மாட்டுச்சு.

நான் போனது மதுரை அரசு இராசாசி ஆஸ்பத்திரி. திருநர்களுக்குன்னே அங்க தனிப் பிரிவு இருக்கு. எந்தக் கிழமைன்னு போன்ல கேட்டுட்டு, வடசேரில ராத்திரி பஸ் ஏறுங்க. மொதல்ல மனநல டாக்டர் பேசுவாரு, பயப்படாண்டாம். பொறவுதான் ஹார்மோன் டாக்டர். ஒரே நாள்ல முடியாது, ரெண்டு மூணு நடை ஆகும்.

மார்த்தாண்டத்துக்காரன்:
திருவனந்தபுரம் கிட்டத்தான், ஆனா பிரைவேட்டுல செலவு கூடும். கேரள அரசு சர்ஜரிக்குத் தர்ற உதவித்தொகை அங்க உள்ளவங்களுக்குத்தான், நம்ம ரேஷன் கார்டுக்குக் கிடைக்காது.

கருப்புக்கோட்டு:
‘கல்யாணம் பண்ணினா தெளியும்’ பேச்செல்லாம் இனி செல்லாது. இப்படி ஆள ‘மாத்துற’ சிகிச்சையத் தடுக்கணும்னு சென்னை உயர் நீதிமன்றம் 2021ல உத்தரவு போட்டுச்சு. 2022ல தேசிய மருத்துவ ஆணையமும் அது தொழில் ஒழுங்கீனம்னு அறிவிச்சுட்டு.

ரப்பர்காட்டு அக்கா:
நன்றி மக்கா. குரலு எப்ப மாறும்னு கேக்கான்.

வடசேரி திருநம்பி:
எனக்கு மூணாம் மாசம் கரகரப்பு வந்துச்சு, வருசம் திரும்பும்போது நல்லா எறங்கிட்டு. நடுவுல கொஞ்ச நாள் சுருதியே நிக்காது. ஊசிய நிறுத்துனாலும் பழைய குரலு வராது, அத அவன்ட்ட இப்பவே சொல்லிருங்க. மாசாமாசம் வர்றது நின்னாலும் கரு நிக்காதுன்னு எண்ணாண்டாம். பின்னால சொந்தப் பிள்ள வேணும்னு தோணலாம்னா ஊசிக்கு முந்தியே டாக்டர்ட்ட கேக்கணும்.

ரப்பர்காட்டு அக்கா:
எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனேன். ‘அப்ப என்னைய டெனர்ல (ஆம்பளைங்க உச்சக் குரலு) நிப்பாட்டுவாங்களா’ன்னு மட்டும் கேட்டான். டிக்கெட் எடுத்தாச்சு. அப்பாட்ட மதுரையில பிரண்டுக்குக் கல்யாணம்னு சொல்லிருக்கேன்.