இறகுப்பந்து ஆடும் பிள்ளைக்குக் கண்ணாடியா, கான்டாக்ட் லென்ஸா?

வலையோரம்:
பதினாறு வயதாகும் என் மகளுக்கு இரு கண்களிலும் மைனஸ் 6 பவர். ஆட்டம் சூடுபிடித்ததும் வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்குவதால், ஒவ்வொரு சர்வீசுக்கு முன்பும் மணிக்கட்டால் அதை மேலே தள்ளிக்கொண்டே ஆடுகிறாள். இனி நாள் முழுவதும் லென்ஸே அணியட்டும் என்பது என் கருத்து. கண்ணாடி கருவிழியிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்பதால், இவ்வளவு பவரில் பொருள்களைச் சிறிதாக்கியே காட்டுகிறது. பிரேமுக்கு வெளியே எல்லாம் மங்கல். கண்ணோடு சேர்ந்து அசையும் லென்ஸில் இத்தொல்லைகள் இல்லை. 1990இல் கண்ணாடியோடு இந்திய கிரிக்கெட் அணிக்குள் வந்த அனில் கும்ப்ளேயும் பின்னர் லென்ஸுக்கு மாறியவர்தானே?

கிணற்றடி:
நியூசிலாந்து சுழற்பந்து வீச்சாளர் டேனியல் வெட்டோரி கண்ணாடியோடுதான் டெஸ்டில் 362 விக்கெட்டுகள் எடுத்தார், ஐயா. இருந்தாலும் ஆடுகளத்தில் லென்ஸ் வசதி என்பதை மறுக்கவில்லை. நாள் முழுவதும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கருவிழியில் இரத்தக்குழாய்கள் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே அது பெறுகிறது. களைப்பில் லென்ஸோடு தூங்கிவிட்டால் அந்த வழி அடைபட்டு, கிருமித்தொற்றுக்கு வாய்ப்பு பெருகும். விடுதியில் என் அறைத்தோழன் லென்ஸ் டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு, ஈரத்தோடே மூடி வைப்பான். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிரி அப்படித்தான் கண்ணுக்குள் நுழைகிறது. அது உண்டாக்கும் புண்ணுக்கு மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். ஆறிய பிறகும் தழும்பு பார்வையை மறைக்கலாம்.

வலையோரம்:
ஒரு நாள் அணிந்து எறிந்துவிடும் லென்ஸுக்கு டப்பாவும் வேண்டாம், லென்ஸ் கழுவும் திரவமும் வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே தொட வேண்டும் என்ற ஒழுங்கை என் மகள் கற்றுக்கொள்வாள்.

மேசைக்கணினி:
நான் எட்டு ஆண்டுகள் லென்ஸ் அணிந்தவன். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைவதால், குளிரூட்டிய அறையில் மாலைக்குள் கண் உலர்ந்து உறுத்தும். பாடம் படிக்கும் நேரத்துக்குக் கண்ணாடியே போதும்.

கிணற்றடி:
எறிந்துவிடும் வகை டப்பாவின் ஆபத்தை நீக்குகிறது, ஒப்புக்கொள்கிறேன். குளிக்கும்போதும் நீந்தும்போதும் அதைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இன்னொன்று: இறகுப்பந்தின் தக்கை கண்குழிக்குள் புகும் அளவே உடையது. இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நிற்கும் பிள்ளையின் கண்ணில் ஒரு ஸ்மாஷ் பட்டால், மெல்லிய லென்ஸ் எதையும் தடுக்காது. தலையைச் சுற்றிப் பட்டை வைத்த, பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன விளையாட்டுக் கண்ணாடி வழுக்கவும் செய்யாது, அடியையும் தாங்கும். அதைப் பவரோடு செய்து தருகிறார்கள்; லென்ஸ் அணிந்தாலும் பவர் இல்லாத ஒன்றை மேலே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.