நாக்பூர் சாலையில் ஓட்டுநர்கள் நிம்மதியாகத் தூங்க இடம் வேண்டும்

நாமக்கல் லாரி உரிமையாளர்களுக்கு வணக்கம். எங்கள் வண்டிகள் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாக்பூர் வரை போகின்றன. பின்னிரவு 2 மணிக்கு மேல் கண் செருகும். வண்டியை ஓரங்கட்டிப் படுங்கள் என்று ஓட்டுநர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் டீசல் திருட்டுக்குப் பயந்து, டேங்க் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டே படுப்பவருக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று 2025 வரை இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. சரக்குக்காரர்களின் அவசரத்தில் அது எடுபடுவதில்லை.

கர்நூல் முதல் ஆதிலாபாத் வரை காவலாளும் வெளிச்சமும் கழிப்பறையும் உள்ள லாரி நிறுத்துமிடங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். இரண்டு ஓட்டுநர்களை அனுப்புகிறவர்கள் பயணப்படியை (பேட்டா) எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த லோடு ஏற்றுவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.