யோவான், யோகனான், அருளப்பன்: மூன்றும் ஒரே பெயரா?

விளவங்கோடு_வாசகர் கேட்டது:

ஸ்தோத்திரம். அடுத்த மாதம் ஞானஸ்நானம் பெறப்போகும் ஓர் ஆண்குழந்தைக்குப் பெயர் தேடுகிறோம். அப்பா வழிப் பாட்டனார் யோவான், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). அம்மா வழிப் பாட்டனார் அருளப்பன், கடற்கரைக் கத்தோலிக்கர். இரண்டும் ஒரே பெயர்தான் என்கிறார் ஒரு பெரியவர். உண்மையா? நேரான பொருள் என்ன? பழைய ஏற்பாட்டில் யோவான் என்று ஒருவரும் அகப்படவில்லையே! யோனா, யோனத்தான் என்பவையும் இதே பெயரின் வடிவங்களா?

எபிரேயம்_படிப்பவர்:

பெரியவர் சொன்னது சரி. எபிரேய மூலம் யோஹானான். முழு வடிவம் யெஹோஹானான். முன்பாதி 'யோ' கர்த்தருடைய நாமத்தின் சுருக்கம். பின்பாதி 'ஹானன்', இரங்கினார், தயவு காட்டினார் என்னும் வினைமுற்று. ஆக, பெயரே ஒரு முழு வாக்கியம்: 'கர்த்தர் கிருபை செய்தார்'. பெயர்ப் பொருள் புத்தகங்கள் 'தேவகிருபை' என்று போட்டுவிடுகின்றன. தவறென்று தள்ள முடியாது, ஆனால் செய்தவர் யார், செய்து முடித்தார் என்ற இரண்டும் அதில் தொலைந்துபோகின்றன.

பழைய ஏற்பாட்டில் கிடைக்காததற்குக் காரணம் எழுத்துப்பெயர்ப்பு. எபிரேயத்திலிருந்து வந்த பகுதியில் தொண்டையில் பிறக்கும் 'ஹ' நம் பழைய மொழிபெயர்ப்பில் 'க' ஆகி, யோகனான் என்று நின்றது. கிரேக்கத்தில் அந்த ஒலிக்கு எழுத்தே இல்லை. 'யோஆன்னேஸ்' என்று எழுதினார்கள். கடைசி 'ஏஸ்' கிரேக்க ஆண்பால் விகுதி. அதைக் கழித்தால் யோ + ஆன். நம் இலக்கணப்படி நடுவில் வகர உடம்படுமெய் வந்து யோவான்! ஒத்தவாக்கியத்தில் (வேதத்தின் சொல்லகராதி) தேடும்போது இரண்டு எழுத்துக்கூட்டலையும் பாருங்கள்.

யோனா என்றால் புறா, தொடர்பே இல்லை. யோனத்தான் 'கர்த்தர் கொடுத்தார்'. முன்பாதி மட்டும் பொது. உண்மையான உறவு அனனியாவோடுதான். அதே இரண்டு சொற்கள் இடம் மாறி நிற்கின்றன: ஹனன் + யா. அன்னாள் என்ற பெயருக்கும் அதே வேர். பெண்பால் வடிவம் வேண்டுமென்றால் லூக்கா 8:3-இல் கூசாவின் மனைவி யோவன்னாள் இருக்கிறாள்.

கோட்டாறு_அன்பர்:

கத்தோலிக்கப் பக்கத்தை நான் சொல்கிறேன். பழைய குருக்கள் பல பெயர்களை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்த்தார்கள். கிருபை = அருள், ஆகவே அருளப்பர். பவுல் என்றால் லத்தீனில் 'சிறியவன்', ஆகவே சின்னப்பர். திருமுழுக்கு யோவானை இன்றும் முதியவர்கள் ஸ்நாபக அருளப்பர் என்றே சொல்வார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் யோவான் என்றே அச்சிட்டதால், இளையவர்களுக்கு இந்தத் தொடர்பு தெரியாமல் போகிறது.

உங்கள் விளவங்கோட்டில் இன்னொரு வடிவமும் உண்டு: யோகன்னான். மலையாளம் வழியாக, சுரியானி (கேரளத்தின் பழைய கிறிஸ்தவர்களுடைய வழிபாட்டு மொழி) மரபிலிருந்து வந்தது. கிரேக்கம் உதிர்த்த அந்த நடு ஒலியைச் சுரியானி காப்பாற்றியிருப்பதால், யோவானைவிட மூலத்துக்கு நெருக்கம் இது.

வேதபாட_ஆசிரியர்:

பெயரைத் தாங்கியவர்களைப் பார்ப்போம். இது மிகப் பரவலான பெயர், எல்லோரையும் அடுக்கினால் வெறும் பட்டியலாகிவிடும். கவனிக்க வேண்டியவர் கரேயாவின் மகன் யோகனான், எரேமியா 40 முதல் 43 வரை. இஸ்மவேல் கொல்ல வருகிறான் என்று யூதாவின் அதிபதி கெதலியாவை எச்சரித்தவர் இவர். கெதலியா நம்பவில்லை, செத்தார். பிடிபட்ட ஜனங்களைக் கிபியோனில் மீட்டவரும் இவரே. ஆனால் எரேமியாவிடம் கர்த்தருடைய வார்த்தையைக் கேட்டு வாங்கிவிட்டு, அதை மீறி எல்லோரையும் எகிப்துக்கு நடத்திப்போனார். நல்ல பெயர், பாதி நல்ல வாழ்க்கை. பிரசங்கத்தில் இவரை விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

யோசியா ராஜாவின் தலைப்பிள்ளை ஒரு யோகனான் (1 நாளாகமம் 3:15), சிங்காசனம் ஏறவில்லை. எஸ்றாவோடு 110 ஆண்களைக் கூட்டிவந்தவர் இன்னொருவர் (எஸ்றா 8:12). நெகேமியா 12:22-இல் வரும் ஆசாரியருக்கு வேதத்துக்கு வெளியேயும் சான்று உண்டு. எகிப்தின் எலிபன்டைன் தீவிலிருந்த யூதர்கள் கி.மு. 407-இல் எழுதிய கடிதம், எருசலேமின் பிரதான ஆசாரியன் யெஹோஹானானைக் குறிப்பிடுகிறது. இருவரும் ஒருவரே என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள்.

புதிய ஏற்பாட்டில் ஸ்நானன் (திருமுழுக்கு யோவான்), செபெதேயுவின் மகன், மாற்கு எனப்பட்ட யோவான் ஆகியோரோடு, அப்போஸ்தலர் 4:6-இல் பிரதான ஆசாரியக் குடும்பத்து யோவானும் உண்டு. அவர் பேதுருவையும் யோவானையும் விசாரித்த கூட்டத்தில் இருந்தவர். அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது இந்த இரண்டு யோவான்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது லூக்கா 1: ஆசாரியன் சகரியாவும் மனைவி எலிசபெத்தும் தங்கள் மகன் ஸ்நானனுக்குப் பெயரிட்ட கதை. பாட்டன் பேரைத் தாங்குவதால் 'பேரன்' என்கிறோம். ஆசாரியக் குடும்பங்களிலும் இந்த வழக்கம் உண்டு. 1 மக்கபேயர் 2-இல் மத்தத்தியாவின் தகப்பன் யோவான், மூத்த மகனும் யோவான். அதனால்தான் எலிசபெத்து அந்தப் பெயரைச் சொன்னதும், 'உன் உறவின்முறையில் இப்படி ஒருவனும் இல்லையே' என்று உறவினர் தடுத்தார்கள். பிறகு சகரியாவின் பாட்டில் 72, 73 வசனங்களைப் பாருங்கள்: இரக்கம், நினைவுகூருதல், ஆணை. யோவான் என்றால் கர்த்தர் இரங்கினார். சகரியா என்றால் கர்த்தர் நினைவுகூர்ந்தார். எலிசபெத்து என்ற பெயருக்குள் ஆணை என்னும் சொல் இருக்கிறது. மூன்று பேருடைய பெயரும் அந்த வரிகளில் ஒலிக்கின்றன.

விளவங்கோடு_வாசகர்:

நன்றி ஐயா. அப்படியென்றால் 'அருள் யோவான்' என்று வைக்கலாமா? பேதுருவின் தகப்பன் யோனாவா, யோவானா?

எபிரேயம்_படிப்பவர்:

வைக்கலாம், ஒரே பொருள் இரு மொழியில். ஆனால் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஒன்றில் யோவான், மற்றொன்றில் ஜான் என்றிருந்தால் பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது அலைச்சல். பெயரில்லாமல் பதிந்திருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் உண்டு.

பேதுருவுக்கு மத்தேயு 16:17 'யோனாவின் மகன்' என்கிறது. யோவான் 1:42-இல் கையெழுத்துப் பிரதிகள் பிரிகின்றன: பழமையானவை 'யோவானின் மகன்', பிற்காலத்தவை 'யோனாவின் மகன்'. பழைய தமிழ் வேதம் பின்னதைத் தழுவியது, திருவிவிலியம் முன்னதை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் வித்தியாசம் கண்ணில் படும்.