தட்டிக்கு இரு பக்கமும் இரண்டு வகுப்பு

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். எங்களுடையது நீள மண்டபம், நடுவில் ஒரு தட்டி. வடக்குப் பாதி என் தரம் 3, தெற்குப் பாதி தரம் 4. கிழக்கிலும் மேற்கிலும் அரைச்சுவர். இந்த மாதிரி மண்டபத்தில் பெரிய தலையிடி சத்தம்தான். இங்கே வாய்ப்பாடு சொன்னால் அங்கே சொல்வதெழுதுதல் குழம்பிவிடும்.

முன்பு இரண்டு பலகையும் மண்டபத்தின் இரண்டு கோடியில் இருந்தன. தட்டியோரம் இருக்கும் பிள்ளைகள் தங்கள் ரீச்சருக்கு ஆகத் தூரம், பக்கத்து வகுப்புக்கு ஆகக் கிட்ட. அதனால் இரண்டு பலகையையும் தட்டியின் இரு பக்கமும் மாட்டினோம். இப்போது நாங்கள் இருவரும் முதுகுக்கு முதுகாக நிற்கிறோம். குரல் வெளிப்பக்கம் போகிறது, தட்டியோரப் பிள்ளைக்குத் தன் ரீச்சர்தான் முன்னால். தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

ஆனால் வெளிச்சம் பிரச்சினையானது. என் பிள்ளைகள் தெற்கே பார்த்து இருப்பதால் காலை வெளிச்சம் இடப்பக்கத்தால் வரும், வலக்கையால் எழுத நல்லது. தரம் 4க்கு அது வலப்பக்கம், எழுதும் கையின் நிழல் கொப்பியிலேயே விழுந்தது. அந்த ரீச்சர் வாங்குகளை மேற்கு அரைச்சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டார். இடப்பக்க வெளிச்சமும் கிடைத்தது. ஆனால் கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் அந்தப் பக்கத்தால்தான் சூடும் புழுதியும் வரும், தாளெல்லாம் பறக்கும். அதற்கு மேசைக்கு ஒரு கூழாங்கல். வாடை மாரியில் என் கிழக்கு நிரை சாரலில் நனையும், அப்போது அந்த நிரையை உள்ளே இழுக்கிறேன்.

குழுவேலைக்கு மேசைகளை இழுப்பதில்லை. முன்வாங்குப் பிள்ளைகள் காலைத் தூக்கிப் போட்டுப் பின்பக்கம் திரும்பினால் போதும், பின்மேசை குழுமேசையாகிவிடும். தனியே எழுதும் நேரம் மறுபடி முன்னால். எழுதும்போது முகத்துக்கு முகம் இருந்தால் கதைதான் நடக்கும்.

இன்னொன்று. வகுப்பில் நாங்கள் கேட்கும் கேள்விகளில் கூடுதலானவை முன்வரிசைக்கும் நடுப்பகுதிக்கும்தான் போகின்றன என்று 1970இல் ஆடம்ஸ், பிடில் என்ற இருவர் எழுதினார்கள். என் வகுப்பில் கவனித்துப் பார்த்தேன், அப்படியேதான். கடைசி மூலைப் பிள்ளை நாள் முழுக்க வாய் திறக்காமல் வீட்டுக்குப் போவது எவ்வளவு அநியாயம்! அதனால் திங்கட்கிழமைதோறும் பின்நிரை முன்னுக்கு வரும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு சேர்:
நல்ல விஷயம் ரீச்சர். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இடக்கையால் எழுதும் பிள்ளையை வாங்கின் இடப்பக்க ஓரத்தில் இருத்துங்கள். என் வகுப்பில் ஒரு மகள் வலப்பக்கம் இருந்து பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை முட்டி முட்டியே எழுதினா. ‘தள்ளுறா சேர்’ என்று தினமும் முறைப்பாடு. இடம் மாற்றிய அன்றே சண்டை நின்றது.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய்:
நிரை மாற்றுவது சரி ரீச்சர், கண்பார்வை குறைந்த பிள்ளைகளை மட்டும் பின்னால் விடாதீர்கள். என் மகன் பின்னுக்குப் போன கிழமைதான் பலகையில் உள்ளதைப் பிழைபிழையாக எழுதி வந்தான். கவனமில்லை என்று ஏசினோம். வகுப்பாசிரியைதான் அவன் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைக் கண்டு சொன்னா. ஆஸ்பத்திரியில் காட்டிக் கண்ணாடி போட்டாயிற்று. இப்பவும் இரண்டாம் வாங்கில்தான் வைத்திருக்கிறா.