பதில்: ஸ்டட்டருக்குத் தடங்கலா, திக்கலா?

நண்பர்களே, வணக்கம். வீடியோ கேம் சொற்களைத் தமிழாக்கும் நம் பட்டியலில் ‘ஸ்டட்டர்’ (stutter), அதாவது ஓடும் ஆட்டத்தின் படம் கணநேரம் நின்று மறுபடி ஓடும் கோளாறுக்கு, ‘தடங்கல்’ நல்லதா ‘திக்கல்’ நல்லதா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த ஒரு கேள்வி:

> ‘சட்டக வீதம் குறைதல்’ என்றே எழுதிவிடலாமே, தனிச்சொல் எதற்கு?

சட்டக வீதம் (frame rate) என்பது ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின், அதாவது சட்டகங்களின், எண்ணிக்கை. அது குறைவதும் ஸ்டட்டரும் வெவ்வேறு கோளாறுகள், அதனால்தான் கேட்கிறேன். 59 சட்டகங்கள் தலா 15 மில்லிநொடியில் வந்து, ஒன்று மட்டும் 115 மில்லிநொடி எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் சரியாக ஒரு நொடி, 60 சட்டகங்கள். திரை மூலையில் இருக்கும் எண் 60 என்றே காட்டும். ஆடுபவரோ வண்டியை வளைவில் திருப்பும் நேரத்தில் படம் அப்படியே நின்றதைப் பார்த்திருப்பார். வீதம் குறையவே இல்லாதபோது அந்தப் பெயரில் இதை எப்படிச் சொல்வது?

மருந்தும் வேறு. வீதம் நெடுகக் குறைவாக இருந்து, திணறுவது கிராஃபிக்ஸ் கார்டு என்றால், ரெசல்யூஷனையும் நிழல் தரத்தையும் இறக்கினால் பலன் தெரியும். (சிபியு திணறினால் ரெசல்யூஷனை இறக்கிப் பெரிய பயன் இல்லை.) இடையிடையே நிற்பதற்குக் காரணம் பல. டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படம்) தரம் கார்டின் நினைவகத்துக்கு மிஞ்சியிருக்கலாம். ஆட்டத்தின் நடுவே ஷேடர்கள் (ஒளி, நிறம், நிழலைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) கம்பைல் ஆகலாம், அதாவது கார்டுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றப்படலாம். பிளேஸ்டேஷனில் வன்பொருள் இன்னது என்று முன்பே தெரியும், எனவே ஷேடர்களைக் கம்பைல் செய்தே கொடுத்துவிடுகிறார்கள். பிசியில் கார்டும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் ஆளுக்கு ஆள் மாறுவதால் அந்த வேலை நம் கணினியில் நடக்க வேண்டியிருக்கிறது. ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியும் பிசிதான். ஆனால் எல்லார் கையிலும் ஏறக்குறைய ஒரே வன்பொருள் என்பதால், கம்பைல் ஆன ஷேடர்களையே அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் தரவிறக்கமாகத் தருகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று தூர்தர்ஷனில் பார்த்துப் பழகிய நமக்குத் தடங்கல் என்றால் ஒளிபரப்பே நின்றுபோன நினைவுதான் வரும். இணையம் துண்டிக்கப்பட்டாலும் அதே சொல்லைத்தான் எழுதுகிறோம். பையன்கள் சொல்லும் ‘லேக்’கும் பொருந்தாது, அது நெட்வொர்க் தாமதத்துக்கு உரியது. ‘திக்கல்’ இங்கே கச்சிதமாக உட்காருகிறது: ஓடிக்கொண்டிருப்பது கணநேரம் நின்று மறுபடி ஓடுகிறது. ‘திக்கித் திக்கி’ என்பது ஏற்கெனவே நம் பேச்சில் இருக்கிறது. ‘ஆட்டம் திக்குகிறது’ என்று வினையாகவும் வரும், ‘ஷேடர் திக்கல்’ என்று சேர்த்தும் எழுதலாம். தடங்கலில் இந்த வசதி இல்லை.

பேச்சில் திக்குபவர்களை இது புண்படுத்துமோ என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கவலை. கேலியாகப் புழங்குவது ‘திக்குவாய்’ என்ற சொல்தான் என்பது என் எண்ணம். இருந்தாலும் பேச்சுப் பயிற்சி தருபவர்கள் நம் குழுவில் இருந்தால் அவர்கள் கருத்தையே இறுதியாக எடுத்துக்கொள்வோம். அவர்கள் வேண்டாம் என்றால் என் அடுத்த தேர்வு ‘தத்தல்’.

பட்டியலில் ‘சட்டக நேரம்’ (ஒரு சட்டகம் வர எடுக்கும் நேரம்) என்பதையும் சேர்க்க வேண்டும். திக்கலை அளப்பது அதை வைத்துத்தான். நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்தின் நேரம் சுமார் 16.7 மில்லிநொடி.

ஆட்டத்தின் அமைப்புப் (settings) பக்கத்துக்கு நான் எழுதிய வரி இது: ‘ஆட்டம் திக்கினால் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.’ படித்தவுடன் புரிகிறதா என்று வீட்டில் விளையாடும் பிள்ளைகளிடம் காட்டிக் கேட்டுச் சொல்லுங்கள்.