பின்பலகைக்கு மருந்தேற்றிய ப்ளைவுட்: வைக்கலாமா, வைக்கவே கூடாதா?

பட்டறைவாசி:
பழைய அலுமினிய மீன்பிடிப் படகுகளைப் புதுப்பிப்பது குறித்த பொது இழையில் நண்பர் கரைவலை ஓர் அறிவுரையை உதிர்த்திருந்தார். "பின்பலகைக்கு, மக்காமலிருக்கச் செம்பு மருந்தேற்றிய ப்ளைவுட்டே போதும், மேலே எபாக்சிப் பிசின் பூசிவிட்டால் அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகாது" என்பது அவருடைய திருவாக்கு. அதன் கீழே நான்கைந்து பேர் நன்றி வேறு தெரிவித்திருந்ததைப் பார்த்த பிறகு பொறுக்க முடியாமல்தான் இந்தத் தனி இழையைத் தொடங்குகிறேன்.

இருக்கை, தளம், நுரை, பெயின்ட் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் தகட்டுக்கூடாக நிற்கும் படகை ஒருமுறையாவது பார்த்தவர் இப்படி எழுத மாட்டார். அவுட்போர்டு எஞ்சினைத் தாங்கும் அந்தப் பின்பலகையை நெம்பி எடுத்ததும், அதன் கீழ்விளிம்பு உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பு போன்ற வெண்பசை திரண்டிருக்கும். அது அழுக்கன்று, ஒருகாலத்தில் தகடாக இருந்த அலுமினியம்தான் அப்படிப் பசையாகியிருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டு உள்ளிருந்து டார்ச் அடித்தால், வெளியே நிற்பவருக்குத் தகட்டில் ஒளிப்புள்ளிகள் தெரியும்.

மருந்தேற்றிய மரம் நனையும்போது அதிலுள்ள செம்பு கரைந்து அலுமினியத்தின் மேல் உலோகத் துகள்களாகப் படிகிறது. படிந்த ஒவ்வொரு துகளும், ஈரம் இருக்கும்வரை, தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கும். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் படகின் அடியில் பூசும், செம்பு ஆக்சைடு கலந்த பெயின்டை அலுமினியப் படகுக்குப் பூசக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்ளும் அதே மனிதர்கள், அதே செம்பைப் பலகைக்குள் ஏற்றி உள்பக்கமாக ஒட்டவைப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

கரைவலை:
என் பெயரைச் சொல்லித் தனி இழையே தொடங்கும் அளவுக்கு நான் வளர்ந்துவிட்டேன் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் நான் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். போல்ட் துளைகளைத் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் மீண்டும் துளையிட வேண்டும் என்று அதே பதிவில் விரிவாகவே எழுதியிருந்தேன். அப்படிச் செய்தால் போல்ட் எபாக்சிக்குள்ளேதான் நுழைந்து வெளியேறும். அது மரத்தைத் தொடுவதேயில்லை. நீர் புகாத பலகையிலிருந்து செம்பு எப்படிக் கரைந்து வரும் என்பதைப் பட்டறைவாசிதான் விளக்க வேண்டும்.

மருந்தில்லாத ப்ளைவுட்டில் நீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் எழுதியிருக்கலாம். அது மக்கிப்போய், நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, காற்றே படாதபடி தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் அலுமினியம் தன் காப்புப் படலத்தைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. செம்பே இல்லாமல் அரிப்பு தொடங்கிவிடும். நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்த அந்த வெண்பசை, மருந்தில்லாத பலகையின் கைங்கரியமாகவும் இருந்திருக்கலாம். நான் மருந்தேற்றிய பலகை வைத்த படகு இன்றும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது.

நீலமீன்:
இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்; ஒரு சிறு கேள்வி. எந்த மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த பழைய மருந்து ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தவற்றில் குரோமியம் இல்லை, செம்பின் அளவும் கூடுதல். ஆகவே உலோகத்தை அரிக்கும் வேகமும் கூடுதல். போரேட் மருந்திலோ செம்பே கிடையாது, ஆனால் தொடர்ந்து நனைந்தால் அது கரைந்து போய்விடும். மருந்து எது என்று தெரியாமல் வைக்கலாம் என்றும் கூடாது என்றும் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

பட்டறைவாசி:
கரைவலை அவர்களே, மிதந்துகொண்டிருக்கிறது என்பது ஆய்வுமுடிவாகாது. பலகையைக் கழற்றிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அதன் படத்தை இங்கே இடுங்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் நான்காவது காலை வேறு எப்படிக் காட்டுவது?

எபாக்சி பூசினால் நீர் புகாது என்பது மேசையில் கிடக்கும் பலகைக்குப் பொருந்தும். எஞ்சின் ஓடும்போது அந்தப் பலகை ஒவ்வோர் அலைக்கும் வளைந்து நிமிர்கிறது. நீங்கள் எஞ்சின் போல்ட்டுக்குப் பார்த்துப் பார்த்துத் துளை நிரப்புவீர்கள். ஆறு மாதம் கழித்து யாரோ ஆழம் காட்டும் கருவியைப் பொருத்துவதற்காக இரண்டு திருகுகளை நேராக மரத்துக்குள் இறக்குவார். அந்த இரண்டு துளைகள் போதும். அதன்பின் மருந்தில்லாத பலகை மக்கும், மருந்தேற்றிய பலகை தகட்டைத் தின்னும். மக்கிய பலகையை ஒரு நாளில் மாற்றிவிடலாம். தின்னப்பட்ட தகட்டை என்ன செய்வீர்கள்? மரம் செலவாகட்டும், தகடு செலவாகக் கூடாது என்று நான் பல இழைகளில் எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

ரிவெட்பித்தன்:
தகட்டின் மேல் பட்டறைவாசிக்கு இவ்வளவு பரிவு இருப்பது கண்டு வியக்கிறேன். போன வருடம் ஒருவர், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகள் ஒழுகினால் என்ன செய்வது என்று கேட்டபோது, "எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து மூடிவிடுங்கள்" என்று சொன்னவரும் இவர்தானே? அலுமினியம் ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலம் உருக 2000 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தகட்டில், இணைப்புகளுக்கிடையே நீர் புகாமல் தடவிய பழைய சீலன்ட்டும் எண்ணெயும் ஊறிக் கிடக்கும்போது, வெல்டிங் வைத்தால் ஒரு ரிவெட் மூடும், பக்கத்திலுள்ள நான்கு தளர்ந்துவிடும்.

முறையான வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூட்டைத் தாங்குகட்டைகளில் நன்றாக உட்காரவைத்து, உள்ளே நீர் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று கிரேயானால் குறித்துக்கொள்ள வேண்டும். தளர்ந்த ரிவெட்டை வெளியே ஒருவர் சுத்தியலால் தட்ட, உள்ளே ஒருவர் கனமான இரும்புக்கட்டியை முட்டுக்கொடுத்து மீண்டும் இறுக்க வேண்டும். இறுகாததைத் துளைத்தெடுத்து, சீலன்ட் தடவிப் புதிய திட ரிவெட் அடிக்க வேண்டும். இரண்டாவது ஆளின் கை நுழையாத இடத்தில் மட்டும், ஒரு பக்கமிருந்தே பொருத்தும், முனை மூடிய பாப் ரிவெட் போடலாம். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பலகைக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

பட்டறைவாசி:
பழைய கணக்கைத் தூசி தட்டி எடுத்துவந்ததற்கு நன்றி. நான் வெல்டிங் சொன்னது கிழிந்த விளிம்புக்கு, ரிவெட்டுக்கு அல்ல. அந்த இழையைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். நீர் ஊற்றுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறீர்களே, 4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள அடித்தளத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் எடை 480 கிலோ என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தாங்குகட்டைகள் சரியில்லையென்றால் சோதனையே கூட்டை வளைத்துவிடும்.

இருக்கட்டும். இந்த இழையின் கேள்வி ரிவெட் அல்ல. செம்பேற்றிய மரம் அலுமினியத்தைத் தொடலாமா என்பதே. தொடக் கூடாது.

ரிவெட்பித்தன்:
அந்த இழையை நான் தேட வேண்டியதில்லை. "எல்லாவற்றையும்" என்றுதான் எழுதியிருந்தீர்கள்.

கரைவலை:
தொடக் கூடாது என்று தீர்ப்பெழுதிய நீதிபதியிடம் ஒரு சாட்சியை முன்வைக்கிறேன். சென்ற மாதம் அவர் பெருமையோடு பகிர்ந்த படத்தில், அவருடைய படகு இழுவண்டியில் நிற்கிறது. படகின் அடித்தகடு அமர்ந்திருக்கும் நீளக்கட்டைகள் இளம்பச்சை நிறத்தில் இருக்கின்றன. அதாவது, செம்பு மருந்தேற்றியவை. அவற்றின் மேல் கம்பளம் வேறு போர்த்தியிருக்கிறார். ஈரக் கம்பளம் மருந்தைக் குடித்துக்கொண்டு நாள் முழுவதும் அடித்தகட்டோடு ஒட்டிக் கிடப்பதைவிட மோசமான ஏற்பாட்டை யாரும் கற்பனை செய்ய முடியாது. என்னுடைய பலகைக்காவது எபாக்சி உண்டு. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது.

இன்னொன்று. அலுமினியத் தகட்டை ஊடுருவி எவர்சில்வர் போல்ட்டுகளைப் போட்டிருக்கிறாரே, கடல்நீரில் அலுமினியத்தோடு சேரும்போது அதுவும் அலுமினியத்தைப் பலிகொடுக்கும் உலோகம்தானே? அதற்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

பட்டறைவாசி:
நுனிப்புல் மேய்ந்தால் இப்படித்தான் ஆகும். இரு உலோகங்கள் நீரில் சேரும்போது பரப்பளவும் கணக்கில் வர வேண்டும். சின்னஞ்சிறு போல்ட்டுக்கு எதிரே பெரிய அலுமினியப் பரப்பு இருந்தால் அரிப்பு பரவலாகி மெலிந்துவிடும். அதற்கும் மேலாக நான் நைலான் வாஷரும் சீலன்ட்டும் வைத்துத்தான் இறுக்குகிறேன். செம்புத் துகள்கள் அப்படியல்ல. தகட்டின் மேலேயே படிந்து, ஒவ்வொன்றும் தன் காலடியில் குழி பறிக்கின்றன. வாஷர் வைத்து அவற்றைப் பிரிக்க முடியுமா?

இழுவண்டியைப் பொறுத்தவரை, படகு அதன் மேல் எப்போதும் நிற்பதில்லை. நின்றாலும் காற்றோட்டமான இடத்தில் காய்ந்துவிடுகிறது. பின்பலகையோ காய வழியின்றி மூடப்பட்ட இடத்தில் இருக்கிறது. இந்த வேறுபாடு புரியாமல் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கட்டையின் நிறத்தை ஆராய்ந்த நேரத்தில், உங்கள் பலகையை ஒருமுறை கழற்றிப் பார்த்திருக்கலாம். செம்பேற்றிய மரம் அலுமினியத்தைத் தொடக் கூடாது.

கரைவலை:
ஆக, கம்பளத்துக்கு அடியில் தொட்டால் செம்பு சாது. பலகையில் தொட்டால் மட்டும் அரக்கன். குறித்துக்கொண்டேன்.

நீலமீன்:
மூன்றாம் முறையாகக் கேட்கப் போவதில்லை. இரண்டாம் முறையோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்த மருந்து? கரைவலை வைத்தது பழைய குரோமியக் கலவையா, குரோமியம் இல்லாததா? படகு ஓடுவது நன்னீரிலா, உப்புநீரிலா? நன்னீரில் மின்கடத்தல் குறைவு என்பதால் அதே தவறு பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரியும். இவற்றில் எதையும் சொல்லாமல் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

புதுத்துடுப்பு:
வணக்கம். என்னிடம் வெறும் கூடாக ஒரு பழைய படகு இருக்கிறது. பழைய பலகை முழுதும் மக்கிவிட்டதால் அதன் தடிமனை அளக்க முடியவில்லை. எவ்வளவு தடிமனில் புதிய பலகை வைக்க வேண்டும்? தளத்துக்கு அடியில் நுரையை மீண்டும் நிரப்ப வேண்டுமா, வேண்டாமா? பதிலளித்தால் உதவியாக இருக்கும்.

ரிவெட்பித்தன்:
பின்தகட்டின் உச்சியில் பலகையை மூடும் தொப்பி இருக்கும்; அதன் உள் அகலத்தை அளந்தால் தடிமன் கிடைத்துவிடும். 18, 19 மில்லிமீட்டர் ப்ளைவுட் இரண்டை எபாக்சியால் ஒன்றாக ஒட்டி 36 முதல் 38 மில்லிமீட்டர் அளவில் வைப்பது பரவலான வழக்கம். நுரையைக் கட்டாயம் வையுங்கள். படகு கவிழ்ந்து நீர் நிறைந்தால் அதை மேலே நிறுத்துவது அந்த நுரைதான். 100 லிட்டர் அளவுள்ள நுரை, அதன் சொந்த எடை போக, ஏறத்தாழ 97 கிலோவைத் தாங்கும். ஆனால் ஊற்றிப் பொங்கவைக்கும் நுரை வேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் ஈரத்தை இழுத்துத் தகட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். வெட்டிவைக்கும் பாலிஸ்டைரின் பலகைகளை, அடியில் நீர் ஓட இடைவெளி விட்டு வையுங்கள்.

கரைவலை:
பாலிஸ்டைரின் மேல் பெட்ரோல் சிந்தினால் கரைந்து காணாமல் போகும் என்பதை இந்த நிபுணர் சொல்ல மறந்துவிட்டார். எரிபொருள் தொட்டி இருக்கும் படகில் அதை வைக்கச் சொல்கிறவர்தான் ரிவெட் குறித்து மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். புதுத்துடுப்பு அவர்களுக்கு என் அறிவுரை, மருந்தேற்றிய ப்ளைவுட்டை நன்றாகக் காயவைத்து, மூன்று பூச்சு எபாக்சி அடித்து வையுங்கள். விளிம்புகளுக்கு இன்னும் ஒரு பூச்சு கூடுதலாக அடியுங்கள்.

ரிவெட்பித்தன்:
பெட்ரோல் தொட்டிக்கு அடியில் நுரை வை என்று நான் எங்கே எழுதினேன்?

பட்டறைவாசி:
புதுத்துடுப்பு அவர்களே, அந்த அறிவுரையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மருந்தேற்றிய பலகைகள் பல நேரம் ஈரத்தோடுதான் விற்பனைக்கு வருகின்றன. ஈரப் பலகையில் எபாக்சி சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் உள்ளிருக்கும் ஈரத்தைச் சிறைவைக்கும். "நன்றாகக் காயவைத்து" என்று அவரே எழுதியிருப்பதன் காரணம் அதுதான். ஆனால் எத்தனை நாள் காயவைப்பது, காய்ந்ததா என்று எதை வைத்து அறிவது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். மருந்தில்லாத, வெளிப்புறப் பசையால் ஒட்டப்பட்ட, உள்ளடுக்குகளில் வெற்றிடமில்லாத ப்ளைவுட்டை வாங்குங்கள். ஆறு பக்கமும் எபாக்சி பூசுங்கள். தகட்டின் உட்புறத்தை நன்கு துலக்கி, அலுமினியத்துக்கென்றே உள்ள பிரைமர் அடித்த பிறகு பலகையை வையுங்கள். துலக்க இரும்புக் கம்பிப் பிரஷ்ஷைப் பயன்படுத்தாதீர்கள். அதன் துகள்கள் தகட்டில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

செம்பேற்றிய மரம் அலுமினியத்தைத் தொடக் கூடாது. கரைவலை தம் பலகையைக் கழற்றிப் படம் போடும்வரை இந்த இழையை நான் மேலே கொண்டுவந்துகொண்டேதான் இருப்பேன்.

கரைவலை:
நன்றாக இருக்கும் பலகையை உங்களுக்குப் படம் காட்டுவதற்காகக் கழற்ற வேண்டுமா? முதலில் உங்கள் இழுவண்டியின் கம்பளத்தை உரித்து, அடித்தகட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். அதன் பிறகு என் பலகையைப் பற்றிப் பேசலாம்.

பட்டறைவாசி:
பேச்சை மாற்றாதீர்கள். கழற்றினீர்களா, இல்லையா?

நீலமீன்:
எந்த மருந்து?