கோடு போட்ட நோட்டு ஸ்கேன்: கோட்டோடு எழுத்தும் போகிறது, வழி சொல்லுங்கள்

கையெழுத்து நோட்டின் ஸ்கேனில் அச்சுக் கோடுகளை மட்டும் நீக்கி, எழுத்தை விட்டுவைக்கப் பார்க்கிறேன். பைத்தான், ஓப்பன்சிவி (படங்களைக் கையாளும் நிரல் நூலகம்). 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கிரேஸ்கேல் ஸ்கேன், கோட்டின் தடிமன் 2–3 பிக்சல். அடாப்டிவ் த்ரெஷோல்ட் (அந்தந்த இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கறுப்பு வெள்ளையாக்குவது) போட்டு, கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி, 40×1 கெர்னலால் (40 பிக்சல் அகலம், 1 பிக்சல் உயரமுள்ள அளவுச் சட்டம்) ஓப்பனிங் (அந்தச் சட்டம் அடங்காத துண்டுகளை நீக்குவது) செய்து, கிடைத்த கோடுகளைப் படத்திலிருந்து கழிக்கிறேன்.

கோடு போகிறது. கூடவே ‘ப’வின் அடியும் போய் இரண்டு குச்சிதான் மிச்சம், ‘ட’ ஒற்றைக் குச்சி. 40 பிக்சல் என்பது வெறும் 3.4 மி.மீ., கையெழுத்தின் அடிப்பாகமே அவ்வளவு வரும். கெர்னலை 150 ஆக்கினால் கோட்டைத் தொடாத எழுத்துகள் தப்புகின்றன, கோட்டின் மேலேயே உட்கார்ந்தவை தப்புவதில்லை. போதாததற்கு, 1 டிகிரி சாய்ந்தாலே 2 பிக்சல் கோடு ஒரே வரிசையில் சுமார் 115 பிக்சல்தான் ஓடும், 150க்குச் சிக்காது. டெஸ்க்யூ (சாய்வை நேராக்குவது) முதலில் செய்தே ஆக வேண்டும்.

வெட்டுப்பட்ட குச்சிகளை 1×5 குளோசிங் (சிறு இடைவெளிகளை அடைப்பது) ஒட்டிவிடுகிறது, ஆனால் ‘ண’வின் சுழிகளையும் அடைத்துவிடுகிறது.

அடுத்த யோசனை: கோடு இருக்கும் இடத்தில் மையின் செங்குத்து உயரத்தை அளந்து, 3 பிக்சலுக்குள் இருந்தால் மட்டும் அழிப்பது. பேனா சேர்ந்த இடம் 5–6 வரும். மெல்லிய ஜெல் பேனா எழுத்தில் இது நிற்குமா? செய்து பார்த்தவர்கள் வரம்பை எப்படி வைத்தீர்கள்? (கலர் ஸ்கேன் என்றால் நீலக் கோட்டை ப்ளூ சேனலிலேயே வெளுக்க வைக்கலாம், தெரியும். அசல் நோட்டு கையில் இல்லை.)